பழைய ரயில் பாலத்தில் ஒற்றைக்கால்

“அண்ணே, நான் சுத்துவழியிலயே போறேன். பாலத்துல யாரோ பின்னாலயே வராங்க” என்று பால்காரன் தருமன் சைக்கிளைத் திருப்பினான்.

பாலத்துக் காவல்காரர் சக்கரபாணி ஓடிப்போய் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். ரயில் புதுப் பாலத்துக்கு மாறியபின், வெள்ளைக்காரன் காலத்து இந்தப் பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நடக்கவும் சைக்கிள் விடவும் பலகை போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை இன்ஜினியர் பார்வையிட வருகிறார். ஆள் நடமாட்டம் இல்லையென்றால் இரண்டு முனையிலும் சுவர் எழுப்பிவிடுவார்கள். அப்புறம் எதற்குக் காவல்காரர்?

“பேயெல்லாம் இல்லப்பா. நீ மிதிச்ச பலகை அமுங்குது. நீ தாண்டினதும் எழும்பி இரும்புல தட்டுது. நீ நடந்தா அதுவும் நடக்கும், நின்னா நிக்கும்.”

“நான் நின்னேன். அது நிக்கலண்ணே.”

“விடிகாலையில நானே பாத்தேன்” என்றாள் பாலத்து முனையில் வேர்க்கடலை விற்கும் ஆராயி. “காலு தரையிலயே படல.”

அன்றே சக்கரபாணி பலகை பலகையாக ஆணி அடித்தார். டக் டக் நின்றது. அந்த அமைதியில்தான், அதுவரை யாருக்கும் கேட்காத ஒரு முனகல் கேட்க ஆரம்பித்தது.

“வெயில்ல இரும்பு நீளும், பனியில சுருங்கும். அதுக்குத்தான் வெள்ளைக்காரன் பாலத்தோட ஒரு முனையை இறுக்காம இரும்புத் தகட்டு மேல சும்மா வெச்சிருக்கான். உரசறப்ப முனகுது” என்று விளக்கிவிட்டு, தகட்டில் கிரீஸ் தடவினார்.

மறுநாள் தருமன் வந்தான். “முனகல் நின்னுபோச்சுண்ணே. இப்ப சிரிக்குது.”

பாலம் முழுக்கச் சுண்ணாம்புப் பொடி தூவினார் சக்கரபாணி. “எதுவா இருந்தாலும் எடை இருக்கும். எடை இருந்தா தடம் விழும்.”

விழுந்தது. பாம்பு ஊர்ந்தது போல நிறையக் கோடுகள். அவற்றின் ஓரமாக வெறுங்கால்: வலது, வலது, வலது. இடது காலே இல்லை.

“ஒத்தக்கால்” என்றான் தருமன். “அந்தக் கோடெல்லாம் வாலு இழுபட்டதுண்ணே.”

சக்கரபாணி துடைப்பத்தை எடுத்துத் தடத்தை அவசரமாகப் பெருக்கித் தள்ளினார். ஆனாலும் மத்தியானத்துக்குள் சேதி பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூர் வரை போய்விட்டது.

“விடியல்ல மட்டும் அங்க போவாதீங்க” என்று மனைவி ரேணுகாம்பாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம் என்று இன்ஜினியர் ஆறு மணிக்கே வந்து நின்றார். ரேணுகாம்பாள் மார்கழி பஜனைக்குப் போயிருந்தாள், தடுக்க ஆளில்லை. இருவரும் பாலத்தில் ஏறினார்கள். எதிரே நிற்கும் அண்ணாமலையார் மலையையே காணோம், அவ்வளவு பனி.

“யாராச்சும் வராங்களாய்யா இதுல?”

“வருவாங்க சார்” என்ற சக்கரபாணி, எதுவும் வந்துவிடக் கூடாதே என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டார்.

வந்தது. வெள்ளையாக ஓர் உருவம், இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு, தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்து. பின்னால் ஒன்று ஒற்றைக் காலால் தத்தித் தத்தி. அதற்கும் பின்னால் இன்னும் பல. துளிச் சத்தமில்லை. அவருடைய ஆணியும் கிரீஸும் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தன.

முதல் உருவம் நேராக வந்து அவர்மேல் மோதியது. கண்ணை இறுக மூடியபடி விழுந்தார். காதோரம் ஒரு சக்கரம் கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

“யாருமே வரதில்லைன்னாங்க, பன்னெண்டு சைக்கிள் வருதே!” என்று இன்ஜினியர் சிரித்தார். “சுவரெல்லாம் வேணாம்யா.”

இடது கால் பெடலில் இருக்க, வலது காலால் தரையை உந்தி உந்தி, பனிக்குள்ளிருந்து ஆராயி வந்தாள். “அடியே ரேணுகா, உன் வூட்டுக்காரர் மேலயே ஏத்திட்டியா? போச்சு, நாம எல்லாரும் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிற வரைக்கும் ஆம்பளைங்கள அண்டவுடாம வெக்க இனிமே வேற பேயத்தான் தேடணும்!”