டீக்கு வந்த வியாதி

செருப்பை வாசலில் கழற்றியவர்கள், கூடவே புத்தியையும் கழற்றி வைத்துவிட்டு அரங்குக்குள் போனார்கள். அப்படி ஒரு கூட்டம்!

உள்ளே மேடையில் வீற்றிருந்தவர் ஒலிஞானி. அவர் வெளியிட்டிருந்த ஆல்பத்தில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. பழைய அனலாக் சிந்தசைசர் ஒன்று, புதிய டிஜிட்டல் சிந்தசைசர் ஒன்று, ஆக இரண்டு மின்னிசைப் பெட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம் முனகும், சலசலக்கும், எங்கோ தகரம் உருளும். இசை என்று சொல்லியிருந்தால் பத்துப் பேர் ரசித்திருப்பார்கள். மருந்து என்று சொன்னார், ஊரே திரண்டுவிட்டது.

வைத்தியம் எளிது. பழைய பெட்டியின் மேல் உள்ள செப்புத் தகட்டில் நோயாளி கை வைக்க வேண்டும். ஞானி இரண்டு பெட்டிகளின் ஒலியையும் சேர்த்துத் திறப்பார். 'வூம் வூம் வூம்' என்று துடிக்கும். அதுதான் வியாதியாம். கொஞ்ச நேரத்தில் துடிப்பு மெதுவாகி, அடங்கி, ஒரே ரீங்காரமாகிவிடும். வியாதி கரைந்துவிட்டதாம்! "கையை எடு மகனே" என்பார். இனி மாத்திரை வேண்டாம். வேளைக்கு ஒரு தடவை ஆல்பம் கேட்டால் போதும்.

பஸ் டிரைவர் ஒருவரும் இப்படிக் குணமாகி, பதினோரு நாளாக ரத்த அழுத்த மாத்திரையைத் தொடவில்லை. அவருடைய தங்கை கீபோர்டு ரிப்பேர் செய்பவள். கெஞ்சிக் கெஞ்சி அலுத்துப்போயிருந்தாள்.

"அண்ணே, நேத்து ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருக்கும்போதே உனக்குக் கண்ணு இருட்டிச்சு. பஸ்ல அம்பது பேரு. இன்னைக்காவது மாத்திரையைப் போடு."

"அது வியாதி வெளியேறுற அறிகுறி. சாமியே சொல்லிட்டார்."

"உன் பஸ் புகை கக்கினா, இன்ஜின் குணமாகுதுன்னு சொல்லுவியா?"

"நேர்ல வந்து பாரு. அப்புறம் பேசு."

வந்தாள், பிளாஸ்க்கோடு. மூன்று நோயாளிகள் குணமாவதைப் பார்த்தாள். எல்லாரும் ஞானியின் முகத்தைப் பார்க்க, இவள் மட்டும் தகட்டையே பார்த்தாள். பிறகு மேடையேறினாள்.

"என்ன வியாதி மகளே?"

"எனக்கில்ல சாமி. இதுக்கு."

எவர்சில்வர் டம்ளரில் சுடச்சுட டீயை ஊற்றித் தகட்டின் மேல் வைத்து, ஒலியைத் தானே திறந்தாள்.

"ஏய், என்னடி பண்றே!" என்று அண்ணன் பதறினார்.

வூம் வூம் வூம். வூம்... வூம்... அடங்கியது. ரீங்காரம்.

"பாத்தீங்களா? டீக்குக் குணமாயிடுச்சு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஞானி சளைக்கவில்லை. "ஜடப் பொருளுக்கும் என் அருள் உண்டு! சரி, டம்ளரை எடு."

"ஏன் சாமி அவசரம்? இன்னும் கொஞ்சம் அருள் வாங்கட்டுமே."

"எடும்மா... எடுங்கிறேன்ல!"

அவள் எடுக்கவில்லை. வூம்... வூம்... வூம் வூம் வூம்! துடிப்பு திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட வேகமாக.

"ஐயோ பாவம், டீக்கு மறுபடியும் வந்திருச்சே!" என்றாள். அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"புதுப்பெட்டி சுருதி மாறாதுங்க. பழசு, சூடு பட்டா நழுவும். ரெண்டும் ஒத்துப்போனா அமைதி, ஒத்துப்போகலேன்னா துடிப்பு. அதுக்கு மேலயும் சூடானா தாண்டிப் போயிடும், அதான் உடனே கையை எடுக்கச் சொல்றாரு. கடையில அரை மணி நேரம் சூடேத்திட்டுத்தான் நான் இந்த மாதிரிப் பெட்டிக்குச் சுருதியே சேர்ப்பேன். உங்க உள்ளங்கைச் சூட்டைத்தான் இவர் அருள்னு வித்திருக்காரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. பாட்டுன்னு வித்தா நானே வாங்குவேன்."

ஞானி பக்கவாட்டுக் கதவைத் தேடிக்கொண்டிருந்தார். தங்கைக்கு அவரைப் பற்றிக் கவலையில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்று மாத்திரையை நீட்டினாள். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுபடியும் வியாதி வந்த அந்த டீயை வாங்கி, மாத்திரையைப் போட்டு விழுங்கினார்.

மற்றவர்கள் வாசலுக்கு வந்து அவரவர் செருப்பைச் சரியாக அடையாளம் கண்டு மாட்டிக்கொண்டார்கள். செருப்பு மாறிவிடக் கூடாது என்பதில் காட்டுகிற அந்தக் கவனத்தில் பாதியை உயிர் விஷயத்திலும் காட்டினால், எந்த ஞானிக்கும் நம்மிடம் வேலை இருக்காது.