சர்ச் ஹாலில் நான் நடத்திய தியானம்

கடவுளைப் பற்றி யாராவது மெதுவான குரலில் பேசத் தொடங்கினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். எந்த மதத்துக் கடவுள் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் என்னைப் போல் மதச்சார்பற்றவள் புனேயில் வேறு யாரும் இருக்க முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் சாங்வியில் குடியிருந்தோம். எனக்குக் கட்கியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க் வேலை. வீட்டுக்காரருக்குப் பிம்ப்ரியில் ஷிஃப்ட். இரண்டு பிள்ளைகள், மாமியார், விடியுமுன் வந்து விடிந்ததும் நின்றுவிடும் குழாய்த் தண்ணீர். (தண்ணீர் பிடிக்க எழுந்தால் அப்படியே சமையல், டிபன் டப்பா, பஸ், ஆபீஸ், பஸ், மறுபடி சமையல்.) அந்த வருஷங்களில் யாராவது என்னிடம் உனக்கு என்ன ஆசை என்று கேட்டிருந்தால், நகை, பட்டு என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு நாற்காலி, மேலே ஒரு ஃபேன், யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு மணி நேரம். அவ்வளவுதான்.

அதற்கு வழி காட்டியவர் ஆபீஸில் பக்கத்து மேசை ரோஸி அக்கா. தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்கிக்கு வந்துவிட்ட குடும்பம். பாதித் தமிழ், பாதி இந்தி.

"எங்க சர்ச் ஹால்ல சனிக்கிழமை சாயங்காலம் பெரியவங்களுக்கு கிளாஸ் வெக்கிறாங்க கலா. மொதல்ல கிறிஸ்தவம், அப்புறம் உலகத்துல இருக்கிற மத்த மதம் எல்லாம். யார் வேணா வரலாம். காசு கிடையாது. சாய் பிஸ்கட்டு வேற. வந்து ஆராமா உக்காந்துட்டுப் போயேன்."

உலக மதங்கள் என் காதில் விழவில்லை. 'உக்காந்துட்டு' மட்டும் விழுந்தது. சேர்ந்துவிட்டேன்.

மாமியாருக்குச் சம்மதமில்லை. "கிளாஸ் கிளாஸுன்னு இட்டுக்கினு போயி உன்ன மதம் மாத்திடப் போறாங்க, பாத்துக்க" என்றார். அத்தைக்குத் தெரியாது, என்னை மதம் மாற்ற வேண்டுமானால் முதலில் எழுப்ப வேண்டும்.

வகுப்பு எடுத்தவர் கதம் சார். மராத்திக் கிறிஸ்தவர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். இந்தியில் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். முதல் நாளே ஒரு விதி சொல்லிவிட்டார்: "இங்கே எல்லா மதத்தினரும் வருகிறீர்கள். ஒருவர் வழிபாட்டில் இன்னொருவர் குறுக்கிடக் கூடாது." நல்ல விதிதான். அதுவே என் தலையில் விடியும் என்று அப்போது தெரியவில்லை.

கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அங்கே உட்கார்ந்து நான் பெற்ற ஞானம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. எல்லா மதங்களின் தொடக்கமும் எனக்குத் தெரியும். யூதர்கள் எகிப்திலிருந்து கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது. ஜெர்மனியில் ஒருவர் சுத்தியலோடு சர்ச் கதவை நோக்கிப் போனார்; என்ன அடித்தார் என்று தெரியாது. புத்தர் அரண்மனையை விட்டு இறங்கினார். நானும் அவரோடு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிப் பழகியவள் என்பதால் எனக்குத் தலை சாயாது, வாய் திறக்காது. கைகள் மடியில் கோத்தபடி இருக்கும். இதைப் பார்த்து வகுப்பே என்னவோ நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. சீக்கிய மதம் முடிந்த வாரம், டீ குடிக்கும்போது கதம் சார் என்னிடம் வந்து கைகூப்பினார்.

"பெஹன்ஜி, வாராவாரம் நீங்கள் ஜபத்தில் ஆழ்ந்துவிடுவதைப் பார்க்கிறேன். அடுத்த வாரம் இந்து மதம். நான் புத்தகத்திலிருந்து சொல்வதைவிட நீங்களே எங்களுக்குத் தியானம் செய்துகாட்டுங்கள். குடும்பத்தாரையும் அழைத்து வாருங்கள்."

சார், அது ஜபமில்லை, தூக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலி போய்விடும். ஃபேன் போய்விடும். சனிக்கிழமையும் மற்ற நாளைப் போல் ஆகிவிடும். தலையை ஆட்டிவிட்டேன்.

"அக்கா, எனக்குத் தியானமே தெரியாது" என்று ரோஸி அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"அரே, கண்ண மூடுங்கன்னு சொல்லு. கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்கன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

அந்தச் சனிக்கிழமை தண்ணீர் பிடித்த கையோடு ஹாலுக்கே சேர்த்துச் சுண்டல் தாளித்தேன். (இந்து மதம் என்றால் சுண்டல் இல்லாமல் எப்படி?) அரைநாள் ஆபீஸ். திரும்பி வந்து துணி துவைத்து, பிள்ளைகளுக்குத் தலை வாரி, பட்டுப்புடவை கட்டி, தூக்குச்சட்டிகளோடு எல்லாரும் கட்கிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்தார். மருமகள் மேடையேறுகிறாள் என்ற பெருமையை மறைத்துக்கொண்டு, மதம் மாற்றுகிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். பிஷப் வந்தால் மட்டும் வெளியே எடுக்கும் நாற்காலியாம். சிவப்பு வெல்வெட் மெத்தை, தலைக்கு மேல் உயரும் முதுகு, பக்கத்தில் மைக், நேர் மேலே ஃபேன். உட்கார்ந்ததும் உடம்பில் இருந்த எலும்பெல்லாம் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போயின. நாலு வாக்கியம் ஏதோ பேசினேன். பிறகு, "எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது" என்று இந்தியில் சொன்னேன். உதாரணம் காட்டுவதற்காக நானும் மூடினேன்.

அதன்பின் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. பத்து நிமிஷம் ஆயிற்று. யாரும் கண் திறக்கவில்லை. இந்து வழிபாட்டில் குறுக்கிடக் கூடாது என்று கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இதுதான் இந்த வகுப்பின் முறை போலிருக்கிறது என்று என் குடும்பம் இருந்தது. பாட்டுப் பயிற்சிக்கு வந்த கோஷ்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, மரியாதைக்கு அவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்களாம்.

என் பழைய நாற்காலியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். பிஷப் நாற்காலியில் தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, பக்கத்திலேயே மைக். என் குறட்டை ஹாலின் இரண்டு ஸ்பீக்கர்களிலும் கம்பீரமாகப் புறப்பட்டது. கதம் சார் அதை மூச்சுப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார். பக்தியோடு தானும் 'கர்ர்ர்' என்று இழுத்தார். அவரைப் பார்த்து, அதாவது கேட்டு, முன் வரிசை தொடங்கியது. பின் வரிசையும் சேர்ந்துகொண்டது. இழுத்துப் பார்த்தவர்களில் பாதிப் பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். எல்லாரும் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவர்கள், பாவம்.

என்னை எழுப்பியது மாமியாரின் குரல்தான்.

"அய்ய, நிறுத்துங்கப்பா! இது மூச்சுமில்ல, பேச்சுமில்ல. எம் மருமவ குறட்டை உடுறா. செவுத்துக்கு இந்தாண்ட படுத்துக்கினு தெனம் கேக்கறவ, எனக்குத் தெரியாதா?"

கண் விழித்தேன். ஹாலில் இருந்த தமிழர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ரோஸி அக்கா எழுந்து, கண்ணீர் வழிய வழிய, அதை இந்தியில் மொழிபெயர்த்தார். (மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம்.) மீதிப் பேரும் சிரித்தார்கள். கதம் சார் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொள்ளும்படி எனக்குச் சைகை காட்டினார். என் மகள் நாற்காலிக்கு அடியில் ஒளிந்துகொண்டாள். வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே சுண்டல் விநியோகிக்கத் தொடங்கினார்.

பஸ் ஸ்டாப்பில் மாமியார் வாயைத் திறந்தார். "தூங்கறதுக்கு ஊடு இல்லியா உனக்கு? இதுக்கு பஸ் ஏறி சர்ச்சுக்கு வரணுமா?"

"ஊட்ல எப்ப அத்தே?" என்றேன்.

அவ்வளவு பேர் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. மாமியார் என் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் கட்கிப் பக்கமே தலைகாட்டவில்லை. சாயங்காலம் மாமியார் பிள்ளைகளை வெளியே துரத்தினார். டிவியை அணைத்தார். கட்டிலைத் தட்டிப் போட்டார். "போ, உன் கிளாஸுக்கு நேரமாவுது" என்றார். அழைப்பு மணி அடித்தவர்களையும் "மருமவ கிளாஸ்ல இருக்கா" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. நான் சோபாவில் சாய்ந்தால் போதும், மகள் போனில் யாரிடமாவது "அம்மா கிளாஸ்ல இருக்காங்க, அப்புறம் பேசுங்க" என்பாள். மாப்பிள்ளை ஒருமுறை எந்த மதம் ஓடுகிறது என்று கேட்டார். பேரன்வரை எல்லாருக்கும் கதை மனப்பாடம். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் குறட்டையோடு நடித்தே காட்டுவார். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், டீ குடித்த டம்ளர்களை அங்கங்கே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். நான் அவற்றைப் பொறுக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிளாஸுக்குப் போகிறேன்.