கட்டையில் போன வகுப்பு

மதிப்புக்குரிய அண்ணனுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், என் வகுப்புப் பிள்ளைகள் நலம், நீங்கள் இழைத்து அனுப்பிய கட்டைகளும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. அங்கு உங்கள் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல்.

கட்டை விளையாட்டு மூலையை முதலில் கதவோரம்தான் அமைத்தேன். கழிப்பறைக்கு ஓடுகிற பிள்ளையெல்லாம் ஆளுக்கொரு கோபுரத்தைச் சாய்த்துக்கொண்டே ஓடியது. அதனால் பின்சுவர்ப் பக்கம் மாற்றி, சத்தம் அடங்கத் தடித்த விரிப்பு போட்டு, எந்தக் கட்டை எங்கே என்று தெரிய அலமாரித் தட்டில் அதனதன் உருவத்தை வெட்டி ஒட்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பெற்றோருக்கெல்லாம் போனில் ஒரு செய்தி தட்டிவிட்டேன். 'திங்கள் முதல் உங்கள் பிள்ளைகள் கட்டையில் விளையாடப் போகிறார்கள்' என்றுதான் அண்ணா எழுத நினைத்தேன். 'விளையாட' எங்கே போய்த் தொலைந்ததோ, 'உங்கள் பிள்ளைகள் கட்டையில் போகிறார்கள்' என்று போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டையிலே போறவனே என்று திட்டுவோமே, அதே கட்டை.

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? காலையில் அத்தனை பேரும் வகுப்பு வாசலில் நின்றார்கள். சத்தமே ஆகாத எங்கள் தலைமையாசிரியை, "மூலையும் வேணாம், கட்டையும் வேணாம். சாயங்காலத்துக்குள்ள மூட்டை கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் உட்கார்ந்து தேய்த்திருப்பீர்கள்!

எல்லாரையும்விட அதிகமாகக் கத்திய பஸ் டிரைவர் ஒருவர், அதற்குள் உள்ளே நழுவிக் கட்டை அடுக்க உட்கார்ந்துவிட்ட மகளைக் கூட்டிப்போக நேரே விரிப்புக்குப் போனார். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "அப்பா, இந்தப் பாலத்தைப் பிடிச்சுக்கோ. கையை எடுத்தா விழுந்துடும்."

மனிதர் மண்டி போட்டுப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே என்னைத் திட்டினார். ஆனால் பாலம் ஆடுமே என்று குரலை இறக்கித் திட்டினார். தன் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து பக்கத்தில் நின்ற நர்ஸம்மா தூண் குட்டை என்று அரைக்கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் சண்டை முழுக்கப் பாலத்தைப் பற்றியதாகிவிட்டது, ஒருவரும் வேலைக்குக் கிளம்பவில்லை. விரட்ட வந்த தலைமையாசிரியை, "அடியில அகலக் கட்டையா வைங்க, சாயுது பாருங்க" என்று தானும் உட்கார்ந்துவிட்டார். மூலை பிழைத்தது அண்ணா. மனசு நிறைந்துவிட்டது.

இனி இரண்டு தடவை படிக்காமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் உளிக்கும் இழைப்புளிக்கும் நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
தங்கை

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் பெற்றோருக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்பினேன். கட்டை வேண்டுவோருக்காக உங்கள் எண்ணையும் சேர்த்தேன். 'செய்து தந்த அண்ணனுக்கு எங்கள் அன்பு' என்று அடிக்கப் போக, 'அ' போட்டதுமே போன் 'அஞ்சலி' என்று முடித்துவிட்டது. இரண்டு நாளைக்கு போனை அண்ணியே எடுக்கட்டும். நீங்கள் எடுத்து ஹலோ சொன்னால், பாவம், பயந்துவிடுவார்கள்.