கிருமியில்லாத் தட்டு

கிருமிகளை ஒழித்த பெருமை விஞ்ஞானிகளுக்கே உரியது என்று நினைப்பவர்கள் திண்டுக்கல்லுக்கு வந்ததில்லை. 1998-இல் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் 'கிருமி ஒழிப்புக் கமிட்டி' அந்தக் காரியத்தை இரண்டே கூட்டங்களில் முடித்தது. இரண்டிலும் பஜ்ஜி உண்டு.

மானேஜர் பாஸ்கலும் கமிட்டியின் மாண்புமிகு உறுப்பினர். கிருமியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கூட்டத்தில் தகராறே வராது.

மருந்துக் கம்பெனிக்காரர் செழியன் ஒரு வெள்ளை டப்பாவை மேஜைமேல் வைத்தார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல இதப் போட்டுத் துடைச்சா நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது கிருமி காலிங்க சார்."

"மிச்சம் ஒண்ணு?" என்றார் பாஸ்கல்.

"அது பயந்து தானாப் போயிருமுங்க."

தலைவர் டாக்டர் முத்துச்சாமி எதையும் சோதிக்காமல் நம்பமாட்டார். தியேட்டர் மேஜையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதை லேப்பில் கண்ணாடித் தட்டில் தேய்த்து வைப்பார்கள். கிருமி இருந்தால் இரண்டு நாளில் புள்ளி புள்ளியாக வளர்ந்துவிடும். ஆனால் குச்சியிலேயே கிருமி இருந்துவிட்டால்? டாக்டர் ஆழ்ந்து யோசித்து, குச்சியை முதலில் அதே மருந்தில் முக்கச் சொன்னார். செழியன் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தட்டில் ஒன்றும் வளரவில்லை. குச்சியோடு போன மருந்து தட்டிலும் வேலை பார்த்தது என்ற சில்லறை விஷயத்தை யாரும் கிளப்பவில்லை. முதலில் கை தட்டியவர் பாஸ்கல்.

அடுத்த வாரம் அவர் மனைவி ஜோஸ்பினுக்கு அதே தியேட்டரில் குடலிறக்க ஆபரேஷன்.

"பயப்படாத. தட்ட நானே பாத்தேன்" என்று தைரியம் சொல்லி அனுப்பினார்.

சில நாளில் தையலில் சீழ் வைத்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பாஸ்கல் டாக்டரிடம் ஓடினார்.

"சார், தியேட்டர்ல ஏதாச்சும்..."

"தியேட்டர்தான் பாஸாயிருச்சே பாஸ்கல். நீங்கதான மொதல்ல கை தட்டுனீங்க. கிருமி உங்க வீட்லருந்து வந்திருக்கும்."

ஆனாலும் கமிட்டிக்கு ஈரம் உண்டு. அவசரமாகக் கூடி, புண்ணையும் அதே 'கண்டிப்பான' முறையில் சோதித்தது. குச்சி மருந்தில் முங்கி எழுந்தது. தட்டு பளிச்சென்று வந்தது. புண்ணில் கிருமி இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

பாஸ்கல் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மனைவியிடம் காட்டினார்.

ஜோஸ்பின் அனத்தலை நிறுத்திவிட்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த ஆஸ்பத்திரில இது ஒண்ணுதான் இம்புட்டுச் சுத்தமா இருக்கு. என்னைய இந்தத் தட்டுல படுக்கப்போட்டு அறுத்திருக்கலாம்ல?"