பன்னிரண்டு பாட்டும் என் தலையிலா?

மேப்பிள் ஃபோர்க், கென்டக்கி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி டெல்பர்ட்டுக்கு, அண்ணன் ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கு நானும் புது நாயும் கோழிகளும் கர்த்தர் கிருபையால் சௌக்கியம். நாஷ்வில்லில் நீயும் உன் தொப்பியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நிற்க.

இருபது வருஷத்தில் நீ பாடிப் பேர் வாங்கிய பாட்டுகளைப் பொறுக்கி ஒரே இசைத்தட்டாகப் போட்டிருக்கிறாயே, அது இங்கே கடைக்கு வந்துவிட்டது. அட்டையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். நல்லாத்தான் இருக்கு. ஆனால் மனசாட்சியைத் தொட்டுச் சொல், அதில் உன் சொந்தக் கஷ்டம் ஒன்றாவது உண்டா? என் முதல் பெண்டாட்டி தீவன வியாபாரியோடு போனது முதல் பாட்டு. இரண்டாமவள் என் வண்டியையே ஓட்டிக்கொண்டு டல்சாவுக்குப் போனது நாலாவது. அப்போது என் நாய் கூப்பிடாமலே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தது ஐந்தாவது. அப்பா சாவன்று நான் தப்பான சவ ஊர்வலத்தின் பின்னால் போய், எவனோ ஒருவனுடைய குழியருகே நின்று குலுங்கி அழுதது ஏழாவது. ஒவ்வொன்றாக வந்தபோது ஊர் சிரித்தது, அடுத்தது வருவதற்குள் மறந்தது. இப்போ அத்தனையும் ஒரே உறைக்குள்ளடா, பாவி!

அந்த விதவை நொவெல்லா விஷயம் உனக்குத் தெரியும். பாத்திரம், தக்காளி, கேட்க வாய் வருமோ என்ற பயம், எல்லாவற்றையும் ஈஸ்டருக்குப் போனில் உனக்கு மட்டும் சொன்னேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது அந்த அம்மாள் கோழிக்கறி சமைத்து ஒரு பீங்கான் பாத்திரத்தில் அனுப்பினாள். நம்மூரில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில், என் தோட்டத்துத் தக்காளியை நிரப்பிக் கொடுத்து, கையோடு கல்யாணத்தையும் கேட்டுவிடலாம் என்று போனேன். எனக்கும் ஐம்பத்தெட்டு ஆகிறது, தனியாகத் தின்று அலுத்துவிட்டது. பாத்திரமும் கையுமாக நிற்கிறேன், பாதிரியார் மனைவி உன் இசைத்தட்டைப் போட்டுவிட்டாள்! நாலாவது பாட்டில் முடிவெட்டும் க்ளோவிஸ், "ஏம்ப்பா ஆர்வில், டல்சா போன வண்டி திரும்பி வந்துச்சா?" என்றான். "வண்டி வராட்டி போவுது, நாயாச்சும் கடுதாசி போட்டுச்சா?" என்றாள் அவன் மனைவி. நொவெல்லா தலையைச் சாய்த்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுத்துக்கொண்டேன். இந்த மாதிரித் தட்டென்றால் பழசோடு புதுப் பாட்டு ஒன்று சேர்ப்பார்களாமே, வாங்கியவனே மறுபடி வாங்க. அந்தப் பன்னிரண்டாவது ஆரம்பித்தது. கிழவன் ஒருத்தன், விதவை வீட்டுப் பாத்திரத்தில் தக்காளியை வைத்துக்கொண்டு, வாயில் வார்த்தை வராமல் நிற்கிறானாம்! மொத்த சர்ச்சும் என் கையைத் திரும்பிப் பார்த்தது. நொவெல்லா எழுந்து வந்தாள், பாத்திரத்தை வாங்கினாள், நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு இரண்டு நாள் ஆகிறது, டெல்பர்ட். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்தத் தட்டை எல்லாக் கடையிலிருந்தும் திரும்ப வாங்கிவிடு. அதுவரை என் வாசல்படி மிதிக்காதே. மற்றபடி உன் தொண்டைக்கும் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராமல் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன்னால் சந்தி சிரித்த அண்ணன்,
ஆர்வில் டாக்கெட்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நொவெல்லா வந்தாள். அதே பாத்திரம், நிறைய வாழைப்பழப் புட்டிங். "என்ன இது, திரும்பவும் நான் நிரப்பிக் குடுக்கணுமா?" என்று விழித்தேன். "வேணாங்க. இது போறதும் வர்றதுமா எத்தன நாளைக்கு? ஒரே வீட்டுல இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். அப்புறம், "அந்தப் பாட்டு மட்டும் இல்லேன்னா நீங்க தக்காளி குடுத்துட்டு, தக்காளியப் பத்தியே பேசிட்டுப் போயிருப்பீங்க" என்று சிரித்தாள். வாஸ்தவம்தான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. சனிக்கிழமை கல்யாணம், கிட்டாரோடு வந்து சேர். ஒரே ஒரு சங்கடம், தம்பி: நான் சந்தோஷமா இருக்கேன். இனிமே பாட்டுக்கு வேற அண்ணனப் பாத்துக்கோ.