டொய்லட் பல்ப் மாற்றிய மகள்

கைத்தொலைபேசியில் நாலு காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டாருக்கு வைத்தியம் சொல்லக் கிளம்புகிறவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டும். முதல் ஆளாக என்னை.

பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு நிறம் பார்க்கிற வேலை. துணியை வெவ்வேறு விளக்குகளின் கீழே பிடித்து, மாதிரித் துண்டோடு பொருந்துகிறதா என்று சொல்ல வேண்டும். (கறுப்பில் மட்டும் ஏழு வகை எனக்குத் தெரியும். இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மஹய்யாவவில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வயிற்றுப் புண். கிளினிக்கில் ஒமிப்ரசோல் கொடுத்து, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் விழுங்கச் சொன்னார்கள். பொறுப்பை நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். அலாரம் வைத்தேன். கப்சியூலை மெல்லாமல் முழுசாக விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அதுவரை எல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒருநாள் அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, இந்த முட்டி வலிக்கு பார்மசியில குளிசை வாங்கிப் போடவா? எதுவா இருந்தாலும் கேட்டுட்டுப் போடுங்கன்னு கிளினிக்குல சொன்னாங்க."

"கிளினிக் அடுத்த மாசம்தானேப்பா. அதான் ஒமிப்ரசோல் போடுறீங்களே, அது வயித்துக்கு ரெயின்கோட் மாதிரி. தைரியமா போடுங்க."

ரெயின்கோட். அந்த உவமை எனக்கே பிடித்துப்போய், அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டு வாரம் அப்பா படிகளில் துள்ளி ஏறினார். பிறகு ஒரு காலை டொய்லட்டிலிருந்து வந்தவர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கறுப்பா போகுதும்மா. தார் மாதிரி."

எத்தனை நாளாக என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"எந்த வெளிச்சத்துல பாத்தீங்க?"

"டொய்லட் பல்புலதான்."

"அது மஞ்சள் பல்புப்பா. அதுல கரும்பச்சை கறுப்பாத்தான் தெரியும். நேத்து வல்லாரை சாப்பிட்டீங்கள்ல."

"நீ சொன்னா சரி," என்றார் அப்பா. அன்று வேலை முடிந்து வரும்போது வெள்ளை பல்ப் ஒன்று வாங்கி வந்து நானே மாட்டினேன்.

மறுநாள் காலை அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வெள்ளை பல்புலயும் கறுப்புத்தாம்மா," என்றவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த வெளுப்புக்கு எங்கள் தொழிற்சாலையில் மாதிரித் துண்டு கிடையாது. த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் கை என் கைக்குள் சில்லென்று கிடந்தது.

யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர் விசாரித்தார்.

"நோவுக்கு ஏதும் குளிசை போட்டவரோ?"

"முட்டி வலிக்குப் போட்டார், டொக்டர்," என்றேன்.

"ஆர் போடச் சொன்னது?"

கூட வந்திருந்த எங்கள் அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எப்ப இருந்து கறுப்பாப் போகுது?"

"நேத்தே சொன்னார்," என்றேன்.

"பிறகு ஏன் நேற்றே கொண்டு வரேல்ல?"

"இவ பல்ப் மாத்திக்கிட்டு இருந்தா, டொக்டர்," என்றார் அம்மா.

டொக்டர் சிரிக்கவில்லை. "புண்ணிலயிருந்து ரத்தம் கசியுது, பிள்ளை. அந்தக் கறுப்பு ரத்தம்தான். இந்த ஒமிப்ரசோல் கப்சியூல் அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்; நோக்குளிசை புண்ணைக் கிளறுறதை முழுசாத் தடுக்காது. புண் இருக்கிறவர் எங்களைக் கேக்காம நோக்குளிசை போடக்கூடாது. கறுப்பாப் போனா உடன வரவேணும்."

ஏழு கறுப்பு தெரிந்த எனக்கு எட்டாவது தெரியவில்லை. அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். மாலையில், பயமில்லை என்று டொக்டர் வந்து சொல்லும்வரை வராந்தா வாங்கில் உட்கார்ந்த நான் எழும்பவேயில்லை.

இப்போது அப்பா சுகம். வலிக்குளிசை பக்கமே போவதில்லை. ஆனால் தினமும் காலையில் எனக்கு அறிக்கை தருகிறார், டொய்லட்டிலிருந்தபடியே, வீடு முழுக்கக் கேட்கும் குரலில்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன். உள்ளேயிருந்து அப்பா கத்தினார்.

"இன்னைக்கும் மஞ்சள்தாம்மா. வெள்ளை பல்புலதான் பாத்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா திடுக்கிட்டு, "என்னங்க மஞ்சள்?" என்றார்.

எங்கள் அம்மா அசரவில்லை. "மகளுக்கு நிறம் பாக்குற வேலைங்க. வீட்டுலயும் அதேதான்."