மாமி தொலைந்த கடற்கரைச் சாலை

என் மாமியாரைக் கடல் கொண்டு போய்விட்டது என்று நான் முழு மனதோடு நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. மனைவிக்கு எந்தக் குரலில் சொல்வது, மாமியின் ஊரான மன்னாருக்கு யார் அறிவிப்பது, என் கறுப்புக் காற்சட்டை அலுமாரியில் எந்தத் தட்டில் கிடக்கிறது என்பது வரை யோசித்து முடித்திருந்தேன். (பயம் வந்தால் நான் மிகவும் ஒழுங்கான மனிதன்.)

மாமி மூன்று மாத விசாவில் இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோவுக்கு வந்திருந்தார். வந்ததிலிருந்து வீடு, கோயில், வியா மக்வேதா தெருவில் கடை பார்ப்பது என்று ஒரே வட்டம்தான். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியபோது என் மனைவி ஜெசிந்தா கடலோரச் சாலைச் சுற்றுலா ஒன்றுக்கு இரண்டு இடம் பதிவு செய்தாள். பஸ், வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் அடக்கம். அவள் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோரா அம்மா லீவு கொடுக்காததால் மாமி என் பொறுப்புக்கு வந்தார்.

"இஞ்சேருங்கோ, அம்மாவைக் கவனமாய்க் கூட்டிக்கொண்டு போய், கவனமாய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்."

"ஓம் ஓம்."

"ரெண்டு தரம் ஓம் சொன்னால் நீங்கள் கேக்கேல்லை எண்டு அர்த்தம்."

பகேரியா ஊரைத் தாண்டி பஸ் கடலோரம் திரும்பியபோது எனக்கே மனம் லேசாகிவிட்டது. ஒரு பக்கம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் எலுமிச்சம்பழங்கள். மறுபக்கம் ஜனவரி வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் கடல். வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீட்டி முழக்கினாள்.

"என்னவாம் தம்பி?"

எனக்கு வேலைத்தள இத்தாலியன்தான் தெரியும். வாளி, ஏணி, சம்பளம் தாண்டினால் தடுமாற்றம். "கடல் வடிவாம் மாமி," என்றேன்.

"அதுக்கு இவ்வளவு நேரமே கதைச்சவ?"

மீன்பிடித் துறைமுகம் ஒன்றில் பஸ் நின்றது. இறங்கியதும் மாமி வழிகாட்டி காட்டிய கோபுரத்தையும் பார்க்கவில்லை, குன்றையும் பார்க்கவில்லை. நேராக மீன் வெட்டுகிறவரின் மேசைக்குப் போனார்.

"தம்பி, உந்தப் பெரிய தலையைக் குப்பைக்குள்ளை எறியிறான்! ஒரு சட்டி குழம்பு போகுது. நான் இதிலை நிண்டு பாக்கிறன். நீங்கள் கோப்பியைக் குடிச்சிட்டு வாங்கோ."

போனேன். கோப்பிக் கடையில் உதைபந்தாட்டக் கதை ஓடியது. அதில் நானும் ஒரு கருத்துச் சொன்னேன். அதைத் திருத்தப் பலர் முன்வந்தார்கள். நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது மேசை இருந்தது, மீன்காரர் இருந்தார், மாமி இல்லை.

பஸ்ஸுக்குள் இருப்பார் என்று ஓடி ஏறினேன். எங்கள் இருக்கையில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தது. மாமி இல்லையென்றதும் இடத்தைப் பிடித்துவிட்டார்களே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. மற்ற முகங்களும் காலையில் பார்த்தவை போல இல்லைத்தான். ஆனால் வெள்ளைக்காரர் எல்லாரும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். (அவர்கள் எங்களைப் பற்றிச் சொல்வதும் அதுவே. கணக்குச் சரி.)

"மாமி! மாமி!" என்று கத்திக்கொண்டு பஸ்ஸின் கடைசி வரை ஓடினேன்.

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் ஜெர்மன்காரர்கள். ஜெர்மன் மொழியில் சின்னப் பிள்ளைகள் தாயைக் கூப்பிடும் சொல் 'மாமி' என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. நரைத்த மீசையும் தொப்பையுமாய் ஒரு மனிதன் "அம்மா, அம்மா" என்று அழுதுகொண்டு ஓடி வந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துத் தடவினார். இன்னொருவர் கைப்பையைத் திறந்து எனக்கு இனிப்பு எடுத்துத் தந்தார். வாங்கிக்கொண்டேன். (பதற்றத்தில் தின்றும்விட்டேன்.)

அவர்களுடைய வழிகாட்டி இத்தாலியனில் கேட்டாள்: "அவருடைய பெயர் என்ன?"

"மாமி."

"அது சரி, பெயர்?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து மாமி மாமிதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட நான் என்ன அவருடைய தமையனா? விசாக் கடதாசி எல்லாம் பார்த்தது ஜெசிந்தா. எவ்வளவு பிசைந்தும் மூளையிலிருந்து பெயர் வரவில்லை. "மாமி, வெறும் மாமி," என்றேன்.

அப்போதுதான் கண்ணாடி வழியே அதைப் பார்த்தேன். மீனவர்கள் நீளத் தடிகளோடு படகுகளுக்கு இடையில் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கரையில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தார். கறுப்புச் சால்வை போட்ட ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டார். கறுப்புக் காற்சட்டையைப் பற்றி யோசித்தது இந்த இடத்தில்தான்.

தொலைபேசி அடித்தது. ஜெசிந்தா.

"அம்மா... அம்மா கடலைப் பாக்கிறா," என்றேன், அவள் கேட்க முன்னமே.

"அம்மா பஸ்ஸுக்குள்ளை இருக்கிறா. இப்பதான் வழிகாட்டியின்ரை போனிலை என்னோடை கதைச்சவ. நீங்கள் எங்கை?"

"நானும் பஸ்ஸுக்குள்ளைதான் நிக்கிறன்."

"எந்த பஸ்ஸுக்குள்ளை?"

குனிந்து வெளியே பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், இன்னொரு வெள்ளை பஸ். வாசற்படியில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி மாமி.

நான் இறங்கி ஓடியதை ஜெர்மன்காரர்கள் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்தார்கள். நான் மாமியிடம் போய்ச் சேர்ந்ததும் கைதட்டினார்கள்.

"எங்கை தம்பி போனனீங்கள்? நான் அந்தோனியாருக்கு நேந்தும் போட்டன்."

"அவர் தொலைஞ்ச சாமான் தேடித் தாறவரெல்லே மாமி? நான் சாமானோ?"

"கிடைச்சிட்டியள்தானே, பேசாமல் ஏறுங்கோ."

மிச்சச் சாலை முழுக்க மாமி என் சேட்டுக் கையைப் பிடித்தபடியே கடலைப் பார்த்தார். சாப்பாடும் நன்றாக இருந்தது. இன்றைக்கும் மன்னாரிலிருந்து அழைப்பு வந்தால் மாமி ஜெசிந்தாவிடம் முதலில் கேட்பது, "பிள்ளை பக்கத்திலை நிக்குதோ?" என்றுதான். எங்கள் பிள்ளைகள் இரண்டும் உடனே என்னைக் கைகாட்டிச் சிரிக்கும்.

காரணம் இதுதான். மாமிக்குத் தெரிந்த இத்தாலியன் ஒரே ஒரு சொல்: பம்பீனோ. கோயில் நத்தார்க் குடிலில் குழந்தை யேசுவைக் காட்டி எல்லாரும் சொல்லக் கேட்டுப் பிடித்தது. அன்று துறைமுகத்தில் யாரைத் தொலைத்தீர்கள் என்று மீனவர்கள் சைகையில் கேட்டபோது, மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு அந்தச் சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். குழந்தை கடலில் விழுந்துவிட்டது என்று நினைத்துத்தான் மீனவர்கள் தடியோடு ஓடி வந்தார்கள். படகுக்குப் படகு குனிந்து அவர்கள் தேடியது என்னை.